அண்டி ஆபீஸ் கணக்கும் கிளிப்பரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

குழித்துறைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 1996இல் மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிபேஸும் கிளிப்பரும் படித்தேன்; இரண்டும் டாஸ் காலத்தில் கணக்குப் புரோகிராம் எழுதப் பயன்பட்டவை. அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்து எங்களை வளர்த்தவர். அதே ஆபீஸுக்கு வாரக்கூலி போடும் புரோகிராமை 1999இல் கிளிப்பரில் எழுதிக் கொடுத்தேன். உடைப்பு, தோலுரிப்பு, தரம்பிரிப்பு எல்லாமே கிலோ கணக்கு. கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் கொடுத்த முன்பணத்தை எத்தனை வாரத்தில் பிடிப்பது என்பது ஆபீஸுக்கு ஆபீஸ் மாறும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான்கு இடங்களில் ஓடியது, இப்போது இரண்டில் ஓடுகிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் திறக்கவே இல்லை. பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறேன். சென்னையில் வேலை பார்க்கும் மகன், "செத்த மொழி அம்மா, தூக்கிப் போடுங்கள்" என்கிறான். பழைய மொழிகளைக் கம்பெனிகளே ஓப்பன் சோர்ஸ் ஆக்கி, மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிடுகின்றன என்று படித்தேன். கிளிப்பரையும் அப்படித் திறந்தால் பழையபடி ஆட்கள் வருவார்களா? காத்திருக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு வேண்டிய கதவு 1999இலேயே, நீங்கள் அந்தப் புரோகிராமை எழுதிய அதே வருடத்திலேயே திறந்துவிட்டது. திறந்தது கம்பெனி அல்ல, கிளிப்பரை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்தவர்கள்.

கிளிப்பரை 1985இல் கொண்டுவந்தது நான்டக்கெட் என்ற நிறுவனம். 1992இல் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் அதை வாங்கியது. உலகம் விண்டோஸுக்கு மாறியபோது கிளிப்பர் 5.3உடன் நின்றுபோனது. கடைக் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லா நாட்டிலும் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களில் ஒருவரான ஸ்பெயின்காரர் அந்தோனியோ லினாரெஸ் 'ஹார்பர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கிளிப்பரின் மூலநிரல் அவர்கள் கையில் இல்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் கிளிப்பர் என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து, அதையே செய்யும் ஒரு கம்பைலரை, அதாவது நிரலை ஓடும் புரோகிராமாக மாற்றும் கருவியை, அடியிலிருந்து எழுதினார்கள். நீங்கள் நிரல் எழுதிவைத்த பி.ஆர்.ஜி. கோப்புகளை அது பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். தரவு இருக்கும் டி.பி.எஃப். கோப்பையும் அதில் தேட உதவும் என்.டி.எக்ஸ். இண்டெக்ஸையும் படிக்கும். விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். புதுக் கம்ப்யூட்டரில் உங்கள் புரோகிராம் திறக்காததற்குக் காரணம் அது 16 பிட் டாஸ் புரோகிராம் என்பதுதான். 64 பிட் விண்டோஸ் அந்த வகையை ஏற்பதில்லை. நீங்கள் எழுதியதில் ஒரு குறையும் இல்லை.

கம்பெனிகள் திறந்த கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

மைக்ரோசாப்ட் 2020 மே மாதம் ஜி.டபிள்யூ. பேசிக் என்ற பழைய டாஸ் கால மொழியின் மூலநிரலை வெளியிட்டது. 1983இல் அசெம்ப்ளியில் எழுதியது. எம்.ஐ.டி. உரிமம், எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் திருத்தங்கள் அனுப்பாதீர்கள், இது பார்வைக்கு மட்டும் என்று கூடவே எழுதியிருந்தார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னரின் மூலிகைக் கட்டிலைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். வைத்துக் காப்பாற்றுகிறார்களே என்று எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சி, ஆனால் அதில் யாரும் படுத்து உறங்கப் போவதில்லை.

ரெபோல் கதை வேறு. அமிகா கம்ப்யூட்டரின் இயங்குதளக் கருவை எழுதிய கார்ல் சாசன்ராத் 1997இல் வெளியிட்ட மொழி அது. அழகான, சிக்கனமான மொழி. அதன் அன்பர்கள் திறந்துவிடுங்கள், திறந்துவிடுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டார்கள். 2012 டிசம்பரில் அப்பாச்சி உரிமத்தில் திறந்தார். அதற்குள் பொறுமை இழந்த ஒருவர், நெனாட் ரகோசெவிச், முந்தைய வருடமே ரெபோலைப் பின்பற்றி 'ரெட்' என்ற திறந்த மொழியைத் தொடங்கிவிட்டிருந்தார். பந்திக்கு இலை போட்ட நேரத்தில் பசித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்து வருடம் முன்னால் திறந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கிளிப்பரைப் போலவே கணக்குப் புரோகிராம் எழுத நம் ஊர்ச் சென்டர்களில் எல்லோரும் படித்த ஃபாக்ஸ்புரோவுக்கு அதுகூட வாய்க்கவில்லை. 2007 மார்ச்சில் இனி அடுத்த பதிப்பு இல்லை என்று மைக்ரோசாப்ட் அறிவித்தபோது, ஸ்பானிய மொழிக்காரர்கள் முன்னின்று கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். ஃபாக்ஸ்புரோவிலேயே எழுதிய சில துணைக் கருவிகளைத் திறந்துவிட்டார்கள்; இயந்திரத்தைத் திறக்கவில்லை. 2015 ஜனவரியோடு ஆதரவும் முடிந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ரெபோலுக்கு உரிமம் கிடைத்தபோது ஆட்கள் கலைந்திருந்தார்கள். ஹார்பருக்கு உரிமம் தர யாருமில்லை, ஆட்கள் இருந்தார்கள். எது பிழைத்தது என்று நீங்களே பார்க்கலாம்.

நம் ஜில்லாவில் வர்ம ஆசான்களைத் தெரியாதவர்கள் இல்லை. நூற்றெட்டு வர்மங்களின் பெயரும் இடமும் ஏட்டில் இருக்கின்றன. ஒரு காலத்தில் சீடனுக்கே பல வருடம் காத்திருந்த பிறகுதான் ஏட்டைக் காட்டினார்கள். இன்று எத்தனையோ ஏடுகள் அச்சாகிவிட்டன, யாரும் காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் கை பிசகிப்போனவன் புத்தகக் கடைக்குப் போவதில்லை, ஆசானைத் தேடித்தான் போகிறான். எவ்வளவு அழுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது இன்னும் கையிலிருந்து கைக்குத்தான் போகிறது. அச்சிட்டது வீண் என்று நான் சொல்லவில்லை. அச்சிடாமல் ஆசானோடு எரிந்துபோன ஏடுகளை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஏடும் வேண்டும், அதை விரித்துவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆளும் வேண்டும்.

ஹார்பரின் நிலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 3.0 பதிப்பு 2011இல் வந்தது. அதன் பிறகு 3.2 வளர்ச்சிப் பதிப்பாகவே நடக்கிறது. இடையில் எக்ஸ்ஹார்பர் என்று ஒரு கிளையும் பிரிந்தது. கூட்டம் சிறியது, நான் பழகியவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறது. உரிமமும் உங்களுக்கு ஏற்றது: ஹார்பரில் உருவாக்கிய புரோகிராமை உங்கள் விருப்பப்படி விற்கலாம், உங்கள் மூலநிரலைக் காட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கட்டாயம் இல்லாவிட்டாலும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி, "அது எனக்கு மட்டும்தான் தெரியும்" என்பது.

சில வருடங்களுக்கு முன்பு மலையோரத்தில் ஒரு கடன் சங்கத்தில் இப்படி ஒரு கிளிப்பர் புரோகிராம் நின்றுபோய் என்னை அழைத்தார்கள். எழுதியவர் வளைகுடாவுக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார். மூலநிரல் இல்லை, ஓடும் கோப்பு மட்டும் இருந்தது. டி.பி.எஃப். கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்தேன். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. பெயர்கள், தொகைகள், எட்டு இலக்கமாக ஒட்டி எழுதிய தேதிகள், அழித்த பதிவுகளின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. டி.பி.எஃப்.இல் ஒரு புலத்தின் (தரவுக் கட்டத்தின்) பெயர் பத்து எழுத்தைத் தாண்டக்கூடாது என்பதால் அவர் எல்லாவற்றையும் சுருக்கி வைத்திருந்தார். 'எம்2' என்று ஒரு புலம். சிலருக்கு 1, சிலருக்கு 0. அது இருந்தால் தவணைக் கணக்கு மாறுகிறது, ஏன் என்று புரியவில்லை. மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்னார்: "அது மழை ரெண்டு மாசம். பால் வெட்டு இல்லாத மாசத்துக்குத் தவணை கேட்கமாட்டோம்." ரப்பர் வெட்டுகிறவனின் வயிறு அந்த ஓர் எழுத்திலும் ஓர் எண்ணிலும் இருந்தது. அந்தக் குமாஸ்தாவும் போயிருந்தால் மழைக்காலத்தில் அவர்கள் வீட்டுக்கு நோட்டீஸ் போயிருக்கும்.

உங்கள் முன்பணக் கணக்கும் அதே மாதிரிதான். அது கிளிப்பரில் இருக்கிறதா, ஹார்பரில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு ஆபீஸின் பிடித்தத்துக்கும் மேலே, ஏன் இப்படி என்று தமிழில் இரண்டு வரி குறிப்பு எழுதுங்கள். யாருடைய பெயரும் கூலியும் இல்லாமல், பி.ஆர்.ஜி. கோப்புகளை மட்டும் மகனிடம் கொடுத்து நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஆபீஸ்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மகன்மேல் கோபம் வேண்டாம். நாளைக்கு அவரே இதைப் பைத்தானில் திருப்பி எழுதினாலும் அந்தக் குறிப்புகள் இல்லாமல் எழுத முடியாது.

இன்னொன்று, இது என் ஆசை. கூலிச் சீட்டில் பெயர்கள் ஆங்கிலத்தில்தானே அச்சாகின்றன? ஹார்பரில் சீட்டை ஹெச்.டி.எம்.எல். கோப்பாக எழுதி, உலாவியில் திறந்து அச்சிட்டால் யூனிகோடு தமிழிலேயே வரும். கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த விரலால் உங்கள் அம்மா வரிவரியாகத் தடவி வாசிக்கிற மாதிரி ஒரு சீட்டு. அதற்கான மாதிரி நிரலை நான் எழுதி அனுப்புகிறேன்.

முதல் வேலையாக டி.பி.எஃப். கோப்புகளை இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பிறகு ஒரு பி.ஆர்.ஜி.யை, சின்னதாக ஒன்றை, ஹார்பரில் கம்பைல் செய்து பாருங்கள். என்ன பிழை காட்டுகிறதோ அதை அப்படியே எனக்கு எழுதுங்கள். நாகர்கோவில் பக்கம் வந்தால் நேரிலேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்