தேவசகாயமும் எலியேசரும்

ஐயா,

எங்களுக்குப் பையன் பிறந்து பத்து நாள் ஆகிறது. ஞானஸ்நானத்துக்குப் புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்கிறார் அம்மா. மாமனாரோ தன் தகப்பனார் பெயரான தேவசகாயத்தை வைக்கச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்வார்கள். நான் இணையத்தில் தேடி எலியேசர், யாபேஸ் என்ற இரண்டைக் குறித்து வைத்திருக்கிறேன். யாபேஸ் என்றால் ‘ஆசீர்வாதம்’ என்று போட்டிருக்கிறது. எதை வைக்கலாம்?

- ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள தம்பி,

பிள்ளைக்கும் தாய்க்கும் என் வாழ்த்து. புனிதர் பெயர் கட்டாயமில்லை. 1983-இன் திருச்சபைச் சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அம்மாவிடம் இதைப் பங்குச் சாமியாரையே சொல்லச் சொல்லுங்கள்.

யாபேஸ் என்றால் ஆசீர்வாதமா? 1 நாளாகமம் 4:9-ஐத் திறந்து பாருங்கள். துக்கத்தோடு பெற்றேன் என்று சொல்லித் தாய் வைத்த பெயர் அது. ஆசீர்வாதம் வேண்டி அவன் ஜெபிப்பது அடுத்த வசனத்தில். ஜெபத்தைத் தூக்கிப் பெயருக்குப் பொருளாக்கிவிட்டார்கள். ஷாரோனுக்கு ‘இளவரசி’ என்று போடுவதும் இப்படித்தான். இளவரசி என்ற பொருள் சாராளுக்கு; ஷாரோன் இஸ்ரயேலின் கடலோரச் சமவெளி. வீட்டில் வேதாகமம் இருக்கும்போது பிள்ளையின் பெயரை ஊர்பேர் தெரியாத பட்டியலிடம் ஒப்படைக்கலாமா?

எபிரேயப் பெயரைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ‘எல்’ என்றால் கடவுள். ‘யோ’, ‘யா’ என்று வந்தால் பெரும்பாலும் யாவே, அந்தக் கடவுளின் பெயர். தானியேல், கடவுள் என் நீதிபதி. சகரியா, யாவே நினைவுகூர்ந்தார். நீங்கள் குறித்த எலியேசரில் ‘எலி’ என் கடவுள், ‘ஏசர்’ துணை. மோசே தன் இரண்டாம் மகனுக்கு இந்தப் பெயரை ஏன் வைத்தார் என்பது யாத்திராகமம் 18:4-இல் இருக்கிறது.

அதைத் தமிழில் சொல்லுங்கள் பார்ப்போம். தேவசகாயம்! எலெயாசார் என்ற எபிரேயப் பெயர், கடவுள் துணைசெய்தார் என்ற பொருளோடு, கிரேக்கத்தில் லாசரு ஆனது. 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அந்த லாசருவைத்தான் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். உங்கள் அம்மா கேட்கும் புனிதர் பெயரும் இதுவே.

எபிரேயத்தில் சொன்னால் நாகரிகம், தமிழில் சொன்னால் பட்டிக்காடு என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பவுலுஸ் லத்தீனில் சிறியவர். நம்மவர்கள் சின்னப்பர் என்றார்கள். யோவான், யாவே அருள்கூர்ந்தார், அருளப்பர் என்றார்கள். பொருள் புரிந்து, வாய்க்கு வரும்படி வைத்த பெயர்கள். இன்று பொருள் தெரியாமல் ஓசைக்காக வைக்கிறோம். கேலிக்குப் பயப்படுகிறீர்கள். பெயரின் கதையை வீட்டில் சொல்லி வளர்த்த பிள்ளை கேலிக்குப் பதில் சொல்லும். கூப்பிட தேவா போதும்.

பெயர் முடிவாகவில்லை என்று பிறப்புப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். 21 நாளுக்குள் பதிவாக வேண்டும்; ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்விட்டதா என்று கேளுங்கள். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குள் ஆங்கில எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள். தேவசகாயத்தின் ‘கா’வுக்கு ‘எச்’ போடுவோரும் உண்டு, ‘ஜி’ போடுவோரும் உண்டு. கோயில் பதிவேட்டில் ஒன்று, மாநகராட்சிச் சான்றிதழில் வேறு என்றானால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டிவரும். இரண்டு இடத்திலும் வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.