வயது வந்த பிறகு தற்காப்புக் கலை: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 38 வயது. வீட்டுக்குப் பக்கத்தில் கராத்தே, ஜூடோ, குத்துச்சண்டை மூன்றுக்கும் வகுப்பு இருக்கிறது. எதில் சேரலாம்?

பதில்: பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கராத்தே என்று பலகை மாட்டிய இரண்டு இடங்களில் நடப்பதே வேறு வேறாக இருக்கும். ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவின் வகுப்பில் பெரும்பாலும் அடி உடம்பில் பட்டும் படாமலும் நிறுத்தப்படும். க்யோகுஷின் என்ற இன்னொரு பிரிவில் கையுறை இல்லாமலே நெஞ்சிலும் வயிற்றிலும் முழு வேகத்தில் குத்துவார்கள். முகத்தில் கையால் குத்தத்தான் தடை, காலால் தலையில் உதைக்கலாம்! ஜூடோவில் விழுவதும் எழுவதும் ஓயாது. தோளும் முதுகும் அதைத் தாங்க வேண்டும். குத்துச்சண்டையில் மணிக்கட்டும் மூச்சும் முதலில் சோதிக்கப்படும்.

மூன்றிலும் ஒவ்வொரு வகுப்பு பாருங்கள். வாரம் இரண்டு நாள் தவறாமல் போக முடிகிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணி நேரம் பயணம் செய்து சேர்கிற சிறந்த கூடத்துக்கு மூன்றாவது மாதத்திலிருந்து போகமாட்டீர்கள்.

கேள்வி: வகுப்பைப் பார்க்கப் போனால் எதைக் கவனிப்பது? எல்லாரும் உதைக்கிறார்கள், குத்துகிறார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

பதில்: உதையை விட்டுவிட்டு வகுப்பில் கடைசியாக நிற்பவரைப் பாருங்கள். நாளை நீங்கள் நிற்கப்போவது அங்கேதான். மாஸ்டர் அவர் பக்கம் வருகிறாரா? அவருக்கு ஜோடியாக யாரை விடுகிறார்? அனுபவமுள்ளவர் புதியவரோடு பயிற்சி செய்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தெரியும். இரண்டு புதியவர்களை முதல் வாரமே மோதவிடும் இடத்தில் அடி நிச்சயம், ஏனென்றால் இருவருக்கும் கையை நிறுத்தத் தெரியாது.

அடுத்து கடிகாரம். 60 நிமிட வகுப்பில் ஓட்டமும் தண்டாலுமே 35 நிமிடத்தை விழுங்கினால் அது உடற்பயிற்சிக் கூடம். உடம்புக்கு நல்லதுதான், நீங்கள் தேடி வந்தது அதுவல்ல. இன்னொரு கோடியில், நாள் முழுக்கக் காற்றில் குத்தி, எதிரே ஆளே இல்லாத வகுப்பும் உண்டு. எதிராளி நகர்ந்தால், தடுத்தால், தள்ளினால் என்ன ஆகும் என்பது அங்கே கடைசிவரை தெரியாது. கொஞ்சம் எதிர்ப்புக் காட்டும் ஜோடிப் பயிற்சி ஒவ்வொரு வகுப்பிலும் இருக்க வேண்டும்.

தரையைக் காலால் அழுத்திப் பாருங்கள். தூக்கி எறியும் கலைக்கு 4 அல்லது 5 செ.மீ. தடிமனுள்ள மேட் வேண்டும். சிமெண்ட் தரையில் கம்பளம் விரித்து எறிதல் கற்றுத்தருகிற இடத்தில் சேராதீர்கள். மேட் துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் கால் விரல் அதில் சிக்கும். ஜூடோ, ஜியு-ஜிட்சு (பிடித்து மடக்கும் கலை) வகுப்புகளில் எறிவதற்கு முன் விழக் கற்றுத்தருகிறார்களா என்று பாருங்கள்: தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், கையைப் பின்னால் ஊன்றக் கூடாது, விழும் கணத்தில் முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து மேட்டில் அறைய வேண்டும். பின்னால் ஊன்றிய கைதான் மணிக்கட்டிலோ முழங்கையிலோ முறியும். மூட்டை மடக்கும் பூட்டுப் பிடியில் ஒருவர் ‘போதும்’ என்று தட்டியதும் மற்றவர் உடனே விடுகிறாரா என்பதையும் பாருங்கள். அரை நொடி தாமதித்துச் சிரிப்பவர்கள் நிறைந்த கூடம் வேண்டாம்.

இதெல்லாம் சாதாரண நாளில், சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். ஓடு உடைக்கும் விழா நாளில் அல்ல.

கேள்வி: ஒரே ஆண்டில் கறுப்பு பெல்ட் தருவதாக ஓரிடத்தில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பெல்ட்டை நம்பலாம், கைக்கு வந்துவிடும். திறமை வராது. ஜூடோவை 1882-ல் தொடங்கிய கானோ ஜிகோரோதான் அடுத்த ஆண்டே தன் மாணவர்களுக்கு ‘டான்’ தரம் தந்தவர். கறுப்பு பெல்ட் கட்டுபவரின் படிதான் டான். முதல் டானுக்கு ‘ஷோடான்’ என்று பெயர், ஆரம்பப் படி என்று பொருள். அந்த ஆரம்பத்துக்கே கராத்தேயிலும் ஜூடோவிலும் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவருக்குப் பொதுவாகச் சில ஆண்டுகள் பிடிக்கும். பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் 10 ஆண்டுகள் ஆவது சகஜம்.

சேரும் முன் மாதக் கட்டணத்தோடு தேர்வுக் கட்டணம், சீருடை, உறுப்பினர் சந்தா எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். ஆண்டுக்கு எத்தனை தேர்வு, தோற்றவர் உண்டா என்றும் கேளுங்கள். யாருமே தோற்காத தேர்வில் கட்டணம்தான் பாடம். ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கேட்டால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கத்தியோடு வருபவரை மடக்க மூன்று மாதத்தில் கற்றுத்தருவார்களாம்.

பதில்: கற்றுத்தருவார்கள், எதிராளி ஒருமுறை குத்திவிட்டுக் கையை நீட்டியபடி நின்றால் அது பலிக்கும். நிஜத்தில் கை நிற்காது. ஓடக் கற்றுத்தருகிற மாஸ்டர் கிடைத்தால் அவரிடம் சேருங்கள்.

கேள்வி: 45 வயது, முழங்கால் வலி உண்டு. சேர்ந்தால் எப்படித் தொடங்குவது? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: பழைய காயமோ இதயக் கோளாறோ இருந்தால் முதலில் மருத்துவர், பிறகுதான் மாஸ்டர். மாஸ்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். “அதெல்லாம் பழகினால் சரியாகிவிடும்” என்று பதில் வந்தால் வேறிடம் பாருங்கள்.

பக்கவாட்டிலிருந்து சுழற்றி உதைக்கும்போது ஊன்றிய காலின் பாதமும் சேர்ந்து திரும்ப வேண்டும். பாதம் தரையில் ஒட்டிக்கொள்ள இடுப்பு மட்டும் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலுக்குத்தான் போகும். உயரம் பிறகு பார்க்கலாம், இடுப்பளவு போதும். முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், நடுவே ஓய்வு. தசை வலி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய்த் தானாகக் குறையும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தும் வலி அப்படியல்ல, அன்றோடு நிறுத்துங்கள். தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் அன்று ஸ்பாரிங் (ஜோடியாக மோதிப் பழகும் பயிற்சி) முடிந்தது, மருத்துவரிடம் போங்கள்.

முதல் மாதம் எதுவும் வாங்க வேண்டாம். ஜிப்பும் பையும் இல்லாத தளர்வான உடை போதும். நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், தோடு கழற்றியிருக்க வேண்டும். குத்துச்சண்டை என்றால் கையில் சுற்றும் 4.5 மீட்டர் துணிப்பட்டையும், ஸ்பாரிங் தொடங்கும்போது பல் காப்பும் 16 அவுன்ஸ் கையுறையும் சொந்தமாக வேண்டும். பிடிச் சண்டை வகுப்புகளில் படர்தாமரை எளிதில் தொற்றும். வீடு திரும்பியதும் குளியுங்கள், சீருடையை அன்றே துவையுங்கள், தோலில் வட்டமாகச் சிவந்தால் ஆறும்வரை மேட்டில் இறங்காதீர்கள்.