பள்ளி வருகையும் பெனால்டி நோட்டீஸும்: இங்கிலாந்துத் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

பிள்ளைகளின் பள்ளி வருகையைக் கவனிக்கும் எஜுகேஷன் வெல்ஃபேர் ஆபிசராக லண்டன் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) ஒன்றில் வேலை செய்கிறேன். சில இடங்களில் இதே வேலைக்கு அட்டெண்டன்ஸ் ஆபிசர் என்று பெயர். தமிழ்ப் பெற்றோர் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாமே இங்கிலாந்தின் விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்தில் நடைமுறை வேறு.

மகனின் வருகை 90 சதவீதம் என்று பள்ளி கவலைப்பட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. 90 நல்லதுதானே? (ஒரு அப்பா, குரோய்டன்)

பரீட்சையில் 90 எடுத்தால் சந்தோஷப்படுவோம். வருகையில் கணக்கு வேறு. பள்ளி ஆண்டு 190 நாள். அதில் 90 சதவீதம் என்றால் 19 நாள் போகவில்லை, ஏறக்குறைய நான்கு வாரப் பாடம் போய்விட்டது. 10 சதவீதமோ அதற்கு மேலோ தவறினால் அரசாங்கம் அதை 'பெர்சிஸ்டன்ட் ஆப்சென்ஸ்' என்று கணக்கெடுக்கிறது.

கடிதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பள்ளியிடம் வருகைப் பதிவைக் கேட்டு வாங்கி, எந்தெந்த நாள் என்று பாருங்கள். திங்கட்கிழமைகளா? விளையாட்டு வகுப்புள்ள நாள்களா? பாதிக் காரணம் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று: பதிவேட்டை மூடிய பிறகு பிள்ளை போய்ச் சேர்ந்தால், பள்ளிக்குள் இருந்தாலும் அந்த அரை நாள் வராததாகவே பதிவாகும்.

தம்பி கல்யாணத்துக்கு ஒரு வாரம் சென்னை போக வேண்டும். இரண்டு பிள்ளைகள். எவ்வளவு அபராதம் வரும்? காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? (ஈஸ்ட் ஹாம்)

ஒரு பள்ளி நாள் என்பது காலை, மாலை என இரண்டு அமர்வு. 10 பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாத 10 அமர்வு சேர்ந்தால், அதாவது ஐந்தே நாள் போனால், பெனால்டி நோட்டீஸ், அதாவது அபராத அறிவிப்பு, கொடுப்பதைப் பள்ளி பரிசீலித்தாக வேண்டும். 2024 ஆகஸ்டிலிருந்து நாடு முழுவதும் இதே அளவுதான். ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. உங்கள் வீட்டில் பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் 320 பவுண்டு, தாமதித்தால் 640. மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாவது முறை வந்தால் நேராக 160தான், சலுகை கிடையாது. மூன்றாவது முறை நோட்டீஸ் வராது, பெரும்பாலும் நீதிமன்றம்தான்.

காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை திரும்பி வந்ததும் மாமா கல்யாணத்தைப் பற்றித்தான் வகுப்பில் சொல்லும். அதில் பிள்ளையின் குற்றம் எதுவுமில்லை. பொய் வெளிப்பட்ட பிறகு, நிஜமாகவே காய்ச்சல் வரும் நாளிலும் உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது. தலைமை ஆசிரியருக்கு முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பியுங்கள். விதிவிலக்கான சூழ்நிலை என்று அவருக்குத் தோன்றினால் மட்டுமே அனுமதி கிடைக்கும், எத்தனை நாள் என்பதையும் அவரே முடிவு செய்வார். முகூர்த்த நாளுக்கு மட்டும் கேட்பது, ஒரு வாரம் கேட்பதைவிடப் பலன் தரும். பள்ளி விடுமுறைத் தேதிகளை ஊரிலுள்ள உறவினர்களுக்கு முன்பே அனுப்பிவையுங்கள் என்று பெற்றோர் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

நோட்டீஸைக் கட்டினால் குற்றப் பதிவு ஆகுமா? குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம்.

உரிய காலத்தில் கட்டிவிட்டால் தண்டனையாகப் பதிவாகாது. கட்டாமல் விட்டு மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டால் அது குற்றத் தண்டனை. அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். தெரிந்தே அனுப்பவில்லை என்ற கடுமையான பிரிவில் 2,500 பவுண்டு, மூன்று மாதச் சிறை வரைகூட. அந்த நிலை வருமுன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மகளுக்கு 12 வயது. தினமும் காலையில் வயிற்று வலி, அழுகை. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். சனி ஞாயிறு நன்றாக இருக்கிறாள். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று மாமியார் சொல்கிறார். (ஒரு அம்மா, ஹாரோ)

நீங்கள் கெடுக்கவில்லை. வலி பொய்யும் இல்லை. பயம் இருக்கும் உடம்பில் வயிறு உண்மையிலேயே வலிக்கும். சனி ஞாயிறு வலிக்காதது நடிப்புக்குச் சான்றல்ல, பயம் எங்கே இருக்கிறது என்பதற்குச் சான்று.

"ஏன் போக மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, அவளுக்கே தெரியாது. இடம் இடமாகக் கேளுங்கள். பேருந்தா, கழிப்பறையா, கேன்டீனா, எந்தப் பாடவேளை, பக்கத்தில் யார். அதுவும் காலை அவசரத்தில் வேண்டாம்; மாலையில், கூட நடந்துகொண்டோ சமைத்துக்கொண்டோ கேளுங்கள். சீண்டல், பிரிந்துபோன தோழி, புரியாத கணக்கு, வீட்டில் ஒரு மரணம், அதுவரை யாரும் கண்டுகொள்ளாத ஆட்டிசம் என்று எதுவாகவும் இருக்கலாம். பெரியப்பா மகளோடு ஒப்பிடுவதை மட்டும் வீட்டில் எல்லோரும் நிறுத்துங்கள்.

பள்ளிக்குத் தினமும் "வயிற்று வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். பயத்தால் வர முடியவில்லை என்று மின்னஞ்சலில் எழுதி, சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் சென்கோ ஆசிரியரோடு சந்திப்பு கேளுங்கள். சின்னச் சின்ன ஏற்பாடுகள் நிறைய உதவும்: கூட்டம் குறைந்த வாசல் வழியே நுழைவது, வந்ததும் நம்பிக்கையான ஒருவரைப் பார்ப்பது, பத்து நிமிடம் வெளியே போய்வர ஓர் அட்டை. சில வாரங்களுக்குக் குறைந்த நேர அட்டவணையும் போடலாம், ஆனால் உங்கள் சம்மதத்தோடு, முழு நேரத்துக்குத் திரும்பும் தேதியோடு. உடல்நலமோ மனநலமோ காரணமாக 15 நாள் அல்லது அதற்கு மேல் போக முடியாது என்றால், மாற்றுக் கல்வி ஏற்பாடு செய்வது கவுன்சிலின் கடமை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். "வீட்டிலேயே படிக்க வைத்துக்கொள்ளுங்களேன்" என்று யாராவது ஒரு கடிதத்தை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். பள்ளிப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் பள்ளியின் உதவி நின்றுவிடும், முழுப் பொறுப்பும் செலவும் உங்கள் தலையில் விழும். வீட்டுக் கல்வி நீங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்க வேண்டியது.

என் சிகிச்சைக்கு 13 வயது மகளைத்தான் மொழிபெயர்க்க அழைத்துப் போகிறேன். அதற்கு லீவு தருவார்களா?

அவளை அழைத்துப் போகாதீர்கள், அம்மா. என்.எச்.எஸ். மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். சந்திப்புக் கடிதம் வந்ததுமே போன் செய்து சொல்லிவிடுங்கள். பள்ளிக் கூட்டத்துக்கும் கேட்கலாம். உங்கள் நோயின் விவரத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் வாயால் உங்களுக்குச் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது. வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான் என்றால் 'யங் கேரர்' மதிப்பீடு கேளுங்கள். அது அவளுக்குச் சட்டம் தரும் உரிமை. பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து பலர் சொல்லாமல் இருக்கிறார்கள். இந்த மதிப்பீடு உதவி கொடுப்பதற்காகத்தான்.

தங்கை மகன் எங்களோடு இருக்கிறான். நான் அவனுடைய பெரியம்மாதான், எனக்கு ஏன் கடிதம்?

1996 கல்விச் சட்டத்தில் பிள்ளையைப் பராமரிப்பவரும் பெற்றோர்தான். அதனால் கடிதம் உங்களுக்கும் வரும், கூட்டத்தில் பேசும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

தீபாவளிக்கு லீவு கிடைக்குமா?

உங்கள் சமயத்தில் வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்ட நாளுக்கு அனுமதி உண்டு. முன்பே சொல்லுங்கள். ஊர்ப் பயணத்துக்கான நாள்கள் அதில் சேராது.

ஊரில் ஆசிரியையாக இருந்தேன். இந்த வேலைக்கு வர முடியுமா? (லெஸ்டர்)

தாராளமாக. எல்லாக் கவுன்சிலுக்கும் பொதுவான ஒரே பட்டம் என்று எதுவும் இல்லை. ஆசிரியப் பணி, சமூகப் பணி, இளைஞர் பணி அனுபவத்தை மதிக்கிறார்கள். குற்றப் பின்னணி பார்க்கும் டி.பி.எஸ். சோதனை கட்டாயம், ஓட்டுநர் உரிமம் பல இடங்களில் கேட்பார்கள். வீடு தேடிப் போவது, பள்ளியோடு கூட்டம், நீதிமன்றத்துக்கு அறிக்கை என்று நாள் போகும். திறக்காத கதவுகளும் இருக்கும், கோபமாகத் திறக்கும் கதவுகளும் இருக்கும். உள்ளே வர எங்களுக்கு அதிகாரம் இல்லை, அழைத்தால்தான் வருவோம். அதனால் வாசலில் நின்று பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். தமிழ் தெரிந்தவர்கள் இன்னும் நிறைய வேண்டும். முதலில் பள்ளி ஒன்றில் அட்டெண்டன்ஸ் உதவியாளராகச் சேருங்கள். அங்கிருந்து கவுன்சில் வேலைக்கு விண்ணப்பிப்பது எளிது.