எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் சர்க்கரை நோயாளிகள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. எப்படிப் புரியவைப்பது?

குலசேகரம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை என்கிறீர்கள். அப்படியானால் உங்களிடம் வருபவர்களில் ரப்பர் பால் வெட்டுபவர்கள் நிறைய இருப்பார்கள்.

புரியவைப்பது இருக்கட்டும், முதலில் கேளுங்கள். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்றால் "போடுறேன்" என்றுதான் பதில் வரும். திட்டு வாங்க யாருக்கு ஆசை? "நேத்து முழிச்சதுல இருந்து மத்தியானம் வரைக்கும் என்ன செஞ்சீங்க, என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வையுங்கள். பதில் இப்படி வரும்: விடியுமுன் ஒரு கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ), கூடவே 'காலை மாத்திரை', அப்படியே தோட்டம். வெட்டிப் பால் எடுத்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது பத்து மணி தாண்டியிருக்கும். அந்த மாத்திரை, சாப்பிடாவிட்டாலும் ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும் கிளிமிபிரைடாக இருந்தால், எட்டு மணிக்கே வேர்த்துக் கொட்டி, வெட்டுக்கத்தி பிடித்த கை நடுங்கும். இரண்டு தடவை அப்படி ஆனவர் மாத்திரையை நிறுத்தாமல் என்ன செய்வார்? நாம் சீட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுகிறோம். அவருக்கு வேண்டியது, 'காலை' என்பதை 'முதல் சாப்பாட்டோடு' என்று மருத்துவர் மாற்றி எழுதுவது. நடுக்கம் வந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்து 15 நிமிடம் உட்காரவும் சொல்லிக்கொடுங்கள்.

வரிசையில் நூறு பேர் நிற்கும்போது இதெல்லாம் நடக்குமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வெளிநோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டு நேரம் குறித்தார்கள். ஆய்வு 2002-ல் வெளியானது. சராசரி 92 நொடி. பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் 2 நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துவிட்டார்கள். அது பெரிய ஆஸ்பத்திரி, நம் ஓபி அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுவில் வெட்டிப் பேசி மறுபடி மறுபடி வரவைப்பதைவிட அந்த 2 நிமிடம் மலிவு.

மாத்திரை அட்டையை எண்ணுவதைப் பேசி முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே எண்ணினால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். உப்பு, புளி, கிழங்கு பற்றிய பேச்சைச் சமைப்பவரோடு பேசுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீடுவீடாகப் போகும் தன்னார்வலருக்கு அந்த அடுப்படி தெரியும், அவரையும் கேளுங்கள். கடைசியில் "புரிஞ்சுதா?" வேண்டாம். "வீட்டுல போய் இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டால் எங்கே தப்பாகப் புரிந்தது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அச்சடித்துக் கொடுக்கும் உணவுப் பட்டியல்களில் சப்பாத்தி உண்டு, ஓட்ஸ் உண்டு. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளைக்கறியும் (மத்தி மீன் குழம்பு) இல்லை. இங்குள்ளவர்கள் தின்பது அதைத்தானே? கிழங்கே கூடாது என்றால் அடுத்த முறை தின்றதை மறைப்பார். கிழங்கு கொஞ்சம், மீன் கூடுதல், அந்த வேளைக்குச் சோறு வேண்டாம் என்று பேசிப் பாருங்கள். எவ்வளவு தின்றார் என்பதை அவரே சொல்வார்.