குழந்தையின் கரப்பானுக்கு வாஷிங் பவுடர்தான் காரணமா?

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. ஆறு மாதமாக முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் அரிப்பு. சொரிந்து சொரிந்து தோல் கறுத்துத் தடித்துவிட்டது. மலிவு பவுடரில் துவைப்பதால்தான் என்கிறார்கள். லிட்டர் 400 ரூபாய் கொடுத்துக் குழந்தைகளுக்கான லிக்விட் வாங்கியும் குறையவில்லை. பவுடர் ரசாயனம் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து கிட்னியைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. பூந்திக்கொட்டைக்கு மாறலாமா? மெடிக்கலில் கொடுத்த டியூப் தடவினால் இரண்டு நாள் அடங்கி மறுபடி வருகிறது. துவைத்துத் துவைத்து என் விரல்களும் வெடித்துவிட்டன. எந்த பவுடர்தான் வாங்குவது?
– வாசகி, தாராபுரம்

பதில்: காசை மிச்சம் பிடிக்கப் போய்க் குழந்தையைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயம்தான் கடிதம் முழுக்க இருக்கிறது. இல்லை அம்மா, நீங்கள் கெடுக்கவில்லை. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், அரிப்பு வந்திருக்கும் இடமே பாதியைச் சொல்லிவிடுகிறது.

துணியில் தங்கிய பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், துணி இறுக்கிப் பிடிக்கும் இடத்தில்தான் முதலில் தெரியும். பாவாடை நாடா கட்டும் இடுப்பு, ஜட்டி எலாஸ்டிக் ஓடும் வரி, சட்டையின் கழுத்துப்பட்டி இப்படி. அக்குளில் வந்தால்கூட நடுக்குழி தப்பித்துவிடும், துணி உரசும் ஓரம் மட்டும் சிவந்திருக்கும். கவுன் போடும் குழந்தைக்கு முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்பக்கமும் பெரும்பாலும் துணி படாத இடங்கள். அங்கே வருவது பிறவியிலேயே வறண்ட, ஈரத்தைப் பிடித்துவைக்கத் தெரியாத தோலில் வரும் கரப்பான் (எக்ஸிமா). வீட்டில் யாருக்காவது இளைப்போ, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மலோ இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள், பல குடும்பங்களில் இவையும் கரப்பானும் சேர்ந்தே இருக்கும்.

வட அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் தோல் அழற்சியோடு வந்த 738 பேருக்குச் சலவைத்தூளைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையான ஒவ்வாமை இருந்தது 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான். ஊர் முழுக்க பவுடரைத் திட்டுகிறது, பரிசோதனையில் அது அபூர்வமாகத்தான் மாட்டுகிறது.

கிட்னி வீடியோவை மறந்துவிடுங்கள். அலசிய துணியில் மிஞ்சும் பவுடர் சொற்பம், அதில் தோலைத் தாண்டி உள்ளே போவது அதைவிடச் சொற்பம். ஒரு தாயின் தூக்கத்தைக் கெடுத்துப் பார்வையாளர்களைச் சேர்க்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. ரத்தத்தில் கலக்குமோ என்று பயப்பட வேண்டிய பொருள் துணி அலமாரியில்தான் இருக்கிறது: அந்துருண்டை. அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த பச்சிளங்குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான காமாலையைக் கொண்டுவரக்கூடியது. கைக்குழந்தையின் துணியோடு அதை வைக்கவே கூடாது.

சரி, பவுடருக்கு வருகிறேன். கரப்பான் உள்ள தோல் எதற்கும் சீக்கிரம் சிவக்கும் என்பதால் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆனால் அந்தக் கவனத்துக்கு 400 ரூபாய் தேவையில்லை. பாக்கெட்டில் ‘குழந்தைகளுக்கானது’, ‘தோல் மருத்துவர் பரிசோதித்தது’ என்று போட்டிருப்பது எந்த உத்தரவாதமும் இல்லை. மூக்கை நம்புங்கள். கடையில் இருப்பதில் வாசனை குறைந்த, சாதாரண பவுடர் போதும். வாசனைப் பொருள்கள்தான் ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாகின்றன. லிக்விட்தான் மென்மையானது என்பதும் முழு உண்மை இல்லை. கெட்டுப்போகாமல் இருக்கப் பல லிக்விட்களில் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் ஒவ்வாமைக்குப் பேர்போன பொருள். பவுடருக்கு அது தேவைப்படுவதில்லை. துணி மணக்கக் கடைசியில் ஊற்றும் கண்டிஷனரை இன்றே நிறுத்துங்கள். துணியிலேயே தங்க வேண்டும் என்றே செய்யப்பட்ட பொருள் அது. பூந்திக்கொட்டையால் கெடுதல் இல்லை, நுரை கண்ணில் பட்டால் எரியும், அவ்வளவுதான். அதை ஊறவைத்துக் கசக்கும் நேரத்தில் துணியை இன்னொரு தடவை அலசிவிடலாம்.

எந்த பவுடர் என்பதைவிட எத்தனை அலசல் என்பதுதான் முக்கியம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை வராது. நுரை வரவில்லையே என்று இன்னும் ஒரு கை பவுடர் போடுவோம், அப்புறம் அதே உப்புத் தண்ணீரில் அரைகுறையாக அலசுவோம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். பவுடரைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்த பிறகே துணியைப் போடுங்கள், இல்லாவிட்டால் தையல் மடிப்பில் மணல் மாதிரி தங்கிவிடும். கடைசி அலசல் தண்ணீரை ஒரு மக்கில் மொண்டு கையால் கலக்கிப் பாருங்கள். நுரை எழும்பி நின்றால் இன்னொரு அலசல் வேண்டும். வழவழப்பு இல்லாமல், துணியைப் பிழிந்தால் தெளிந்த தண்ணீர் வந்தால் போதும். மெஷினாக இருந்தால் மெஷினுக்கென்று விற்கும் நுரை குறைந்த பவுடரைப் போட்டு, கூடுதல் அலசல் பொத்தானை அழுத்துங்கள். புதுத்துணியைக் கடைப் பசையும் சாயமும் போக ஒருமுறை துவைத்த பிறகே போடுங்கள்.

கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் உங்கள் விரல்களைப் பற்றி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். இந்த வீட்டில் பவுடர் உண்மையிலேயே பாதித்திருப்பது பெரும்பாலும் உங்களைத்தான். மகளின் தோலில் படுவது அலசிய துணி, உங்கள் கைகள் முங்கி இருப்பது பவுடர் கரைசலில். நல்ல தோலின் அமிலக்காரநிலை (pH) 5-க்குப் பக்கம், அதாவது லேசான அமிலம்; பவுடர் தண்ணீரோ 10-ஐத் தொடும் காரம். தினமும் அரைமணி நேரம் அதில் ஊறினால் விரலிடுக்கும் மோதிரத்துக்கு அடியிலும் தோல் உரிந்து வெடிக்கத்தான் செய்யும். துவைக்கும்முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. ஈரக்கையோடு போடாதீர்கள். வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்து வாசலின் தடவுங்கள், இரவில் இன்னும் கொஞ்சம் தாராளமாக. சலவை சோப்பாலேயே கை கழுவும் பழக்கம் இருந்தால் விடுங்கள்.

மகளுக்கு வேண்டியதும் ஈரப்பசைதான். குளிப்பாட்டிய உடனே, தோல் முழுக்கக் காயும்முன், மூன்று நிமிடத்துக்குள் வாசனை இல்லாத பாரஃபின் களிம்பை உடம்பு முழுக்கத் தடவுங்கள். மாலையிலும் ஒருமுறை. பட்டாணி அளவு போதாது, இந்த வயதுக் குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம் வரைகூட ஆகும். லிக்விட்டுக்குக் கொடுத்த பணம் இதற்குப் போகட்டும். மெடிக்கலில் கொடுத்த டியூபில் குளோபெட்டசால் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மிக வீரியமான ஸ்டீராய்டு அது. மடிப்புகளில் தோலை மெலியவைத்துக் கோடு விழச்செய்யும், படர்தாமரையாக இருந்தால் மறைத்து வளர்த்துவிடும். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது, இன்னும் மிட்டாய் மாதிரி விற்கிறார்கள். ஸ்டீராய்டே கூடாது என்று சொல்லவில்லை. தடித்த தோலுக்கு மகளின் வயதுக்கேற்ற வீரியத்தில், நாள் கணக்கோடு ஒரு மருத்துவர் எழுதித்தர வேண்டும். அந்த டியூபைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

இது எதுவும் அவசரமில்லை. அவசரமாக வேண்டியது ஒன்றே ஒன்று. கரப்பான் உள்ள இடத்தில் திடீரென்று ஒரே அளவில் சின்னச்சின்ன கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, நடுவில் குழிவிழுந்து, உடைந்து, துளையிட்ட மாதிரி வட்டப் புண்ணாக மாறினால், இதுவரை அரிக்கிறது என்ற குழந்தை வலிக்கிறது என்று அழுதால், கூடவே காய்ச்சலும் சோர்வும் இருந்தால், அது ஹெர்ப்பிஸ் கிருமி கரப்பானில் ஏறியதாக இருக்கலாம். பெரியவர்களுக்கு உதட்டோரம் வந்து போகும் கொப்புளத்தின் அதே கிருமி. பல்லி எச்சில் பட்டது என்போமே, அதுதான். அந்தப் புண்ணோடு குழந்தைக்கு முத்தம் கொடுத்தாலே ஒட்டிவிடும். வெடித்த தோலில் வேகமாகப் பரவும், கண்ணில் ஏறினால் பார்வைக்கே ஆபத்து.

நம் ஊரில் இங்கேதான் நேரம் வீணாகிறது. அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலையைப் போட்டு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை காத்திருப்பார்கள், அல்லது அக்கி என்று காவி பூசி எழுதக் கூட்டிப்போவார்கள். அம்மையில் முதுகிலும் வயிற்றிலும் அதிகமாக வரும், புதுக் கொப்புளமும் காய்ந்த பொருக்கும் கலந்து தெரியும். இதில் எல்லாம் ஒரே பருவத்தில், கரப்பான் இருந்த இடத்திலேயே நெருக்கமாக நிற்கும். சந்தேகம் வந்தாலே போதும், வீட்டில் வைத்திருக்காதீர்கள். டியூபைத் தடவாமல், அன்றைக்கே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஏசைக்ளோவிர் என்ற மருந்தை நேரத்தோடு கொடுத்தால் நன்றாகக் கேட்கும். இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். சீட்டு போடும் இடத்திலேயே, கரப்பான் உள்ள குழந்தை, இப்போது காய்ச்சலோடு கொப்புளம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணைச் சுற்றி இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.