பாய்மரக் கப்பல் காலத்து மாதிரிக் கப்பல்களில் சில எலும்பால் செய்யப்பட்டிருப்பது ஏன்?

இவற்றுள் பெரும்பாலானவை, 1793 முதல் 1815 வரை நீடித்த போர்களில் பிரிட்டனிடம் சிறைப்பட்ட பிரெஞ்சுக்காரர்கள் செய்தவை. அவர்களில் மாலுமிகள் ஏராளம். இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகருக்கு அருகே 1797இல் திறக்கப்பட்ட நார்மன் கிராஸ் முகாமில் மட்டுமே ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டிருந்தனர்.

அவர்களுக்குச் செலவின்றிக் கிடைத்த பொருள், உணவாக வழங்கப்பட்ட இறைச்சியில் மிஞ்சிய எலும்புதான். அதைக் கொதிக்க வைத்துக் கொழுப்பை நீக்கி, வெளுக்கச் செய்து, மெல்லிய பட்டைகளாக அறுத்து, மரத்தாலான உடற்பகுதியின் மேல் சிறு உலோக ஆணிகளால் பலகை பலகையாகப் பொருத்தினார்கள். பாய்மரக் கயிறுகளுக்குப் பட்டு நூலோடு தலைமுடியும் பயன்பட்டது. சில மாதிரிகளில், பின்புறமுள்ள நூலை இழுத்தால் பீரங்கிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். இந்த வேலைப்பாடே என்னை மிகவும் வியக்க வைப்பது.

பொழுதுபோக்கு மட்டுமே இதன் நோக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. முகாம் வாயிலில் நடந்த சந்தையில் இவற்றை விற்றுக் கைதிகள் பணம் ஈட்டினார்கள், அதனால் பிரெஞ்சுக்காரர் செய்த கப்பலுக்கும், வாங்குபவரைக் கவர்வதற்காக ஆங்கிலப் போர்க்கப்பலின் பெயர் சூட்டப்படுவதுண்டு (வியாபாரம் வியாபாரம்தானே!). வரைபடம் ஏதுமின்றி நினைவிலிருந்து செய்தமையால், பல மாதிரிகளில் பாய்மரங்கள் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கும். ஆகவே, அக்காலக் கப்பல்களின் துல்லியமான அளவுகளை அறிய இவற்றை நம்ப இயலாது. நார்மன் கிராஸ் கைதிகளின் கைவினைப் பொருள்களைப் பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.