35 சதவீதம்தான் என்றால் எழுத ஆள் கிடையாதா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரவேணுவில் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறோம். மகள் ஊட்டியில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிறக்கும்போதே வலது தோள் நரம்பு இழுபட்டதால் அந்தக் கையில் பலம் இல்லை. ஒரு மணி நேரம் எழுதினால் விரல் மரத்துவிடுகிறது. தெரிந்த விடையையும் பாதியில் விட்டுவிட்டு வருகிறாள். யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் ஊனம் 35 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "40 இருந்தால்தான் எழுத ஆளும் கூடுதல் நேரமும்" என்கிறார்கள். அட்டைக்கு விண்ணப்பித்துக் கொடுத்தவர், பணம் கொடுத்தால் 45 ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் மகளுக்கு வேண்டியதற்கு 45 தேவையே இல்லை. 35 போதும். அதற்கும் குறைவாக இருந்தாலும் போதும்.

40 சதவீதம் என்ற கோடு எதற்கு என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன்படி அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீத இடம், மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை போன்றவற்றுக்கு 40 வேண்டும். இவை உங்கள் மகளுக்குக் கிடைக்காது. வருத்தமாக இருந்தாலும் அதுதான் நிலைமை, அதன் பின்னால் அலைய வேண்டாம். ஆனால் தேர்வில் சொல்வதை எழுதுபவரை, கல்லூரிகளில் ஸ்க்ரைப் என்கிறார்களே அவரை, வைத்துக்கொள்வதும் கூடுதல் நேரம் பெறுவதும் இந்தக் கோட்டுக்குள் வருவதில்லை.

இது யாருடைய கருணையும் இல்லை. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் அவருக்கு. மருத்துவர்கள் கணக்கிட்ட ஊனம் வெறும் 6 சதவீதம். அவருக்கும் எழுத ஆள் உண்டு என்றது நீதிமன்றம். அதன் பிறகு 2022 ஆகஸ்ட் 10 அன்று மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை, 40-க்குக் குறைவாக இருந்து எழுதச் சிரமப்படுகிறவர்களுக்கு என்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் குல்ஷன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அதையே வலியுறுத்தியது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கல்லூரி அலுவலகம் "40 வேண்டும்" என்று பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறது என்றால், சுற்றறிக்கை கோப்பில் ஏறியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். தெரியாமல் சொல்கிறவரிடம் சண்டை வேண்டாம். அந்த 2022 வழிகாட்டுதலை, அதற்குப் பிறகு திருத்தம் வந்திருந்தால் அதையும் சேர்த்து, அச்செடுத்து மேசையில் வையுங்கள்.

சதவீதம் அளக்கும்போது மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பது, தோளும் முழங்கையும் எவ்வளவு தூரம் அசைகின்றன, தசைக்கு எவ்வளவு வலு போன்றவற்றை. மூன்று மணி நேரம் விடாமல் எழுத முடியுமா என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே 35 என்பது தவறான எண்ணாகவும் இருக்க வேண்டியதில்லை, உங்கள் மகளின் சிரமம் பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை. எழுத முடியுமா என்ற அந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு சான்று இருக்கிறது. நீங்கள் வாங்க வேண்டியது அதைத்தான்.

"எழுதுவதில் இவருக்குத் தடை உள்ளது, எழுதுபவர் உதவி அவசியம்" என்று சொல்லும் சான்று அது. 2022 வழிகாட்டுதலின் முதல் பின்னிணைப்பில் அதன் படிவம் இருக்கிறது. கையெழுத்திடுவது ஒரே மருத்துவர் அல்ல, ஒரு குழு. மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நிலையில் இருப்பவர் தலைவர். எலும்பு மருத்துவர் அல்லது உடலியக்க மறுவாழ்வு மருத்துவர் ஒருவர். மனநல மருத்துவர், உளவியலாளர், சிறப்பாசிரியர் ஆகியோரில் ஒருவர். பிறகு நரம்பியல் மருத்துவரும், அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும்.

மலைப் பிள்ளைகள் சிக்கிக்கொள்வது இந்தக் கடைசி இருவரிடம்தான், ஆகவே இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். "நரம்பு சம்பந்தப்பட்டது, இங்கே நியூரோ டாக்டர் இல்லை, கோயம்புத்தூர் போங்கள்" என்று சொல்லப்பட்டால், ஒரு குடும்பம் வேலையை விட்டு மேட்டுப்பாளையம் இறங்கி ஒரு நாளைத் தொலைக்கும். அங்கே போனால், "உங்கள் மாவட்டத்தில்தான் வாங்க வேண்டும்" என்ற பதில் வரும். இரண்டு பேருமே படிவத்தைப் படிக்காததன் விளைவு இது. படிவத்தில் நரம்பியல் மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர் இருவருக்கும் நேரே "இருந்தால்" என்று எழுதியிருக்கிறது. இருந்தால் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் காலியாக இருக்கலாம், சான்று செல்லும். எலும்பு மருத்துவருக்கு அந்தச் சலுகை இல்லை. தலைவருக்கும் இல்லை. ஆகவே ஊட்டி அரசு மருத்துவமனையில் "நியூரோ இல்லை" என்று சொன்னால், அந்த வரியைப் பேனாவால் அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். மறுத்தால், மறுக்கும் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்டவுடன் பாதி மறுப்புகள் நின்றுவிடும்.

குழு முன் வெறுங்கையோடு போகாதீர்கள். யுடிஐடி அட்டை, ஆதார், கல்லூரி அடையாள அட்டை, பழைய சிகிச்சைக் குறிப்புகள், நரம்புப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதுவும். இவற்றோடு, யாரும் சொல்லித்தராத ஒன்றையும் செய்யுங்கள். வீட்டில் கடிகாரம் வைத்து மகளை ஒரே இருப்பில் ஒன்றரை மணி நேரம் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு 15 நிமிட முடிவிலும் ஓரத்தில் ஒரு கோடு போடட்டும். முதல் 15 நிமிடத்தில் எத்தனை வரி, கடைசி 15 நிமிடத்தில் எத்தனை வரி, கையெழுத்து எங்கே சிதைகிறது என்பது தாளிலேயே தெரியும். உள்மதிப்பீட்டுத் தேர்வின் பழைய விடைத்தாள் கிடைத்தால் அதையும் எடுத்துப் போங்கள். இரண்டு நிமிடம் கையை மடக்கி நீட்டிப் பார்க்கும் மருத்துவருக்கு இந்தத் தாள் சொல்லும் அளவுக்கு நம் வாயால் சொல்ல முடியாது.

சான்று கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது "எந்தத் தேதி வரை செல்லும்" என்ற வரி. 2022 படிவத்தில் அதிகபட்சம் 6 மாதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிறவியிலேயே வந்த நரம்புக் காயம் 6 மாதத்தில் எங்கே போகும்? ஒவ்வொரு பருவத்துக்கும் பிள்ளையைக் குழு முன் நிறுத்துவது கொடுமை. குல்ஷன் குமார் தீர்ப்பில் நீதிமன்றமே இந்தக் காலத்தை நீட்டிக்கச் சொன்னது. ஆனால் தேர்வு மையத்தில் இருப்பவர் தீர்ப்பைப் பார்க்க மாட்டார், சான்றில் எழுதிய தேதியைத்தான் பார்ப்பார். ஆகவே கணக்காக இருங்கள். நவம்பர் தேர்வுக்கு அக்டோபர் நடுவில் வாங்கிய சான்று, ஏப்ரல் நடுவில் காலாவதியாகிவிடும். ஏப்ரல் தேர்வில் முதல் இரண்டு தாளுக்குச் செல்லும், மூன்றாவது தாளுக்குச் செல்லாது. பிப்ரவரியிலேயே அடுத்த சான்றுக்குப் போய்விடுங்கள். ஊட்டி போவதற்கு முன் குழு எந்தக் கிழமை கூடுகிறது என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது அந்த 45 ஆக்கித் தருகிறவர். இவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். யுடிஐடி விண்ணப்பத்துக்கு அரசு கட்டணமே வாங்குவதில்லை. "உள்ளே ஆள் இருக்கிறது" என்று இவர்கள் விற்பது ஒன்று அச்சில் திருத்திய போலி அட்டை, அல்லது லஞ்சத்தில் வாங்கிய பொய் அளவு. போலி அட்டை முதல் சரிபார்ப்பிலேயே விழும், ஏனெனில் உண்மையான எண் மத்தியத் தரவுத்தளத்தில் இருக்கிறது. லஞ்ச அளவு இன்னும் ஆபத்து. நாளை வேலைக்குச் சேரும்போது இன்னொரு மருத்துவக் குழு பார்த்து 35 என்று எழுதினால், பத்து வருட உழைப்பு ஒரே நாளில் போகும். சட்டத்தின் 91-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஏமாற்றிச் சலுகை பெற்றாலும், பெற முயன்றாலும், 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "முயன்றாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வழக்கில் நிற்பது தரகர் அல்ல, உங்கள் மகள்.

இதைவிட அவசரமான ஒன்று. அட்டைக்கு விண்ணப்பித்துக் கொடுத்தவர், எந்தச் செல்போன் எண்ணைப் பதிவு செய்தார்? பலர் தங்கள் எண்ணையே போட்டுவிடுவார்கள். பிறகு அட்டை பற்றிய எல்லாத் தகவலும், ஓடிபி எனப்படும் கடவு எண்ணும் அவருக்குத்தான் போகும். ஒவ்வொரு முறையும் அவரிடமே காசு கொடுத்து நிற்க வேண்டியிருக்கும். இன்றே யுடிஐடி அட்டைக்கான சுவாவலம்பன் இணையதளத்தில் மகளின் பதிவைத் திறந்து எண்ணைப் பாருங்கள். உங்கள் எண் இல்லையென்றால், உதகையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து மாற்றுங்கள். அவரிடம் அசல் சான்று எதுவும் இருந்தால் திரும்ப வாங்குங்கள்.

35 என்ற அளவே குறைவாகப் போட்டது என்று உண்மையில் நினைத்தால் அதற்கு நேர்வழி உண்டு. சான்று கொடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் தரகர் தேவையில்லை.

கல்லூரிக்கு வருவோம். மகள் கையெழுத்திட்ட கடிதம் முதல்வருக்கு, அவர் வழியாகப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே கொடுங்கள். இணைப்பில் சான்று, யுடிஐடி நகல், எழுதப்போகிறவரின் அடையாள அட்டை, அவருடைய மதிப்பெண் பட்டியல் நகல். அலுவலகத்தில் ஒரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். இந்தக் கடிதங்கள் பல்கலைக்கழகம் போகாமல் கல்லூரி அலமாரியிலேயே தங்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. அனுமதி வந்ததும் அதன் நகலை ஹால் டிக்கெட்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் தேர்வன்று கண்காணிப்பாளரிடம் விளக்குவதிலேயே நேரம் போய்விடும்.

எழுதுபவர் மகளைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். பி.காம். என்றால் பிளஸ் டூ முடித்தவர். வணிகவியல் பட்டம் பெற்ற அக்காவை உட்கார வைத்தால் தேர்வே ரத்தாகலாம். மொழித்தாளுக்கு வேறொருவரை வைத்துக்கொள்ளலாம், ஒரு தாளுக்கு ஒருவர்தான். அவசரத்தில் ஆளை மாற்றவும் வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது. நம் ஊருக்கு அது வெறும் சம்பிரதாயம் அல்ல. நவம்பர் மழையில் கோத்தகிரி சாலையில் மண் சரிந்தால் கீழிருந்து வருகிறவர் வந்து சேர மாட்டார். ஆகவே ஊட்டியிலேயே தங்கியிருக்கும் இன்னொருவரின் பெயரையும் காகிதங்களையும் முன்கூட்டியே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. 3 மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம், 2 மணி நேர உள்மதிப்பீட்டுக்கு 40 நிமிடம். உள்மதிப்பீட்டுக்கும் உண்டா என்று கேட்டால், உண்டு. மதியத் தேர்வு என்றால் மகள் வெளியே வர ஆறு மணி ஆகும், பனிக்காலத்தில் இருட்டிவிடும். பேருந்து நேரத்தைப் பார்த்து முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

எல்லாத் தாளுக்கும் எழுத ஆள் வேண்டும் என்பதில்லை. கூடுதல் நேரம் மட்டும் போதும் என்றும் எடுக்கலாம். கணக்குப் பதிவியலில் இது முக்கியம். பற்று, வரவு என்று கட்டம் கட்டமாக இன்னொருவருக்குச் சொல்வது எழுதுவதைவிட மெதுவாகப் போகும், எண் ஒன்று தவறிய இடத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம். அந்தத் தாளை மகளே ஓய்வு விட்டு விட்டு எழுதட்டும். கோட்பாட்டுத் தாள்களுக்கு ஆளை வைத்துக்கொள்ளட்டும். எந்தத் தாளுக்கு எது என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். சொல்லி எழுதவைப்பது தனிப் பழக்கம். பழைய வினாத்தாள் இரண்டையாவது அதே ஆளோடு, முழு நேரம் வைத்து, நிறுத்தற்குறி உட்படச் சொல்லிப் பழகட்டும்.

இத்தனைக்கும் பிறகு கல்லூரி மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். திங்கள்கிழமை ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். அதே மனுவின் பிரதியைச் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் போக வேண்டாம். தேர்வுத் தேதியை மனுவின் முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள். தேதி கண்ணில் படாத மனு தேர்வு முடிந்த பிறகுதான் திறக்கப்படும்.